முட்டி போட்ட ஞாயிறு

"இதுல ஸ்க்ரூ யாருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

கரண்ட் இல்லை. எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டி அணைந்து கிடந்தது. அவர் எழுந்துபோய் இரண்டு படங்களையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் போகிற லாரிகளின் நிழல் முட்டிகளுக்குப் பின்னால் ஓடியது.

ஒரு படம் என் வலது முட்டி. இன்னொன்று என் மாமியார் தெரேசம்மாவுடையது. எக்ஸ்ரே எடுத்தவர் இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டிலும் எலும்பும் எலும்பும் உரசிக்கொள்கிற அளவுக்கு நெருங்கியிருந்தன. ஓரங்களில் முள் முளைத்திருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், ஒன்றில் வெள்ளையாக, புரி போட்ட சின்னத் திருகாணி ஒன்று எலும்புக்குள் சாய்ந்து கிடந்தது.

டாக்டர் வயதை வைத்துக் கணக்குப் போட்டார்போல. மாமியாரைப் பார்த்து, "உங்களுக்கு எப்ப பாட்டி ஆபரேஷன் பண்ணாங்க?" என்றார்.

"எனக்கு இன்னாத்துக்கு ஆப்ரேசன்? புள்ள பெத்ததுகூட ஊட்லதான். கத்தியே பட்டதில்ல இந்த ஒடம்புல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். மாமியாரும் திரும்பினார். நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாதம் நினைவில்லை. வரும்போது பஸ்ஸில் மல்லிகைக் கூடைகள் ஏறின, அதனால் கோடையாக இருக்கும். அந்த வாசனையோடு கால் வலியும் சேர்ந்து எனக்குத் தலைசுற்றியது. கல்யாணமான நாளிலிருந்து மூடி வைத்த விஷயம், கரண்ட் இல்லாத ஓர் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்துவிடும் என்று நான் நினைக்கவேயில்லை. எக்ஸ்ரே என்றால் எலும்புதான் தெரியும் என்று நினைத்தேன். உள்ளே விட்டு வைத்த இரும்பு தெரியும் என்று தோன்றாமல் போயிற்று. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன் அப்போது.

ஜவ்வு

அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். அங்கே எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். மாலையானால் மைதானத்தில் வாலிபால். பெண்களுக்கு ஓர் அணி சேர்த்தபோது உயரமாக இருந்தேன் என்பதற்காக என்னையும் இழுத்துக்கொண்டார்கள். எம்பி அடிப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அந்த வயதில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம். எம்பி அடித்துவிட்டு இறங்கினேன். பந்து எதிர்ப்பக்கம் விழுந்தது, பாயிண்ட் எங்களுக்கு. ஊன்றிய பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டொப்'பென்று ஒரு சத்தம். நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கும் கேட்டதாம்.

வீங்கியது. பற்றுப் போட்டார்கள், எண்ணெய் விட்டார்கள். வீக்கம் வடிந்து நடக்கவும் ஆரம்பித்தேன். ஆனால் திடீர் திடீரென்று முட்டி நழுவும். ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்துப் படியில், கூட்டத்துக்கு நடுவில் கால் தனியே கழன்றுகொண்டு போவதுபோல் இருக்கும். யாராவது ஒரு அம்மாளின் தோளைப் பிடித்துக்கொள்வேன். இப்படியே ஓரிரண்டு வருடம் ஓட்டினேன்.

கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உள்ளே லிகமெண்ட் அறுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் 'ஜவ்வு'. நீளமான சினிமாவும் ஜவ்வு, கையில் சுற்றி விற்கிற மிட்டாயும் ஜவ்வு, என் காலுக்குள் அறுந்து கிடந்ததும் ஜவ்வு.

அப்போது இந்த ஆபரேஷன் இப்போதுபோல் இரண்டு ஓட்டை போட்டு முடிகிற காரியமில்லை. முட்டியையே திறந்தார்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாரிலிருந்து ஒரு பட்டையை உரித்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே கோத்து, ஸ்க்ரூ வைத்து இறுக்கினார்கள். உள்ளே மெத்தைபோல் இருக்கிற குருத்தெலும்பும் கிழிந்திருந்ததால் அதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது என் தொடை என் கை அளவுக்கு இருந்தது. அப்பா ஒரு துணிப்பையில் மணல் நிரப்பித் தைத்துக் கொடுத்தார். அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு காலை நீட்டி நீட்டித் தூக்குவேன். மணல் தையல் வழியாகக் கசிந்து பாயெல்லாம் நறநறவென்று இருக்கும்.

ஆபரேஷன் செய்த டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று விஷயம் சொன்னார். தரையில் சம்மணம் போட்டு உட்காராதே. குத்துக்காலிட்டு உட்காராதே. முட்டி போடாதே.

அதாவது எங்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது, கக்கூஸ் போகக் கூடாது, மாதா கோயிலில் பூசை காணக் கூடாது. மற்றபடி எல்லாம் செய்யலாம்.

முதல் இரண்டையும் அப்பா ஒரு பழைய மர நாற்காலியில் சமாளித்தார். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி பின்கட்டுக்குப் போயிற்று. சாப்பாட்டுக்கு முக்காலி வந்தது. மூன்றாவதுதான் அம்மாவுக்குச் சிக்கல்.

ஒரு நாளைக்குத்தானே

அம்மா என் ஆபரேஷனை யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்தாள். மஞ்சள் காமாலைக்கு மாவுக்கட்டு எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். அப்படியும் விஷயம் எப்படியோ கசிந்து, ஏற்கெனவே ஒரு சம்பந்தம், "பொண்ணு கால்ல கத்தி வச்சிருக்காமே" என்ற ஒற்றைப் பேச்சில் நின்று போயிருந்தது.

அடுத்து சேக்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், பெயர் லாரன்ஸ். எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் உண்டு. பஜ்ஜி சொஜ்ஜிக்கு முன்னால், பெண்ணை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பெண்ணுக்குத் தெரியாது என்று அவர்களும், தெரியாததுபோல் பெண்ணும் இருக்க வேண்டும். பிடித்திருந்தால்தான் வீட்டுக்கு வருவார்கள்.

கோயிலில் பெஞ்சு கிடையாது. பாய்தான். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நான் ஆபரேஷனுக்குப் பிறகு கடைசியில் சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்காருவேன்.

"ஏட்டி, இன்னிக்கு ஸ்டூல் வேண்டாம்" என்றாள் அம்மா. "முன்னால உக்காருவோம். காலை ஒருபக்கமா மடக்கி வச்சிக்கோ, சேலை மூடிக்கிடும். மணி அடிக்கையில முட்டி போடு. கர்த்தர் கற்பித்த செபத்துக்கு எல்லாரும் எந்திரிப்பாங்கல்லா, எந்திரிச்சிரு. அவ்வளவுதான்."

"டாக்டர் போடாதன்னு சொன்னாரும்மா."

"ஒரு நாளைக்குத்தானே."

எனக்குக் கோபம்தான். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சரி என்றேன்.

மணி அடித்தது. எல்லோரோடும் முட்டி போட்டேன். பாய்க்குக் கீழே சிமென்ட் தரை. டாக்டர் நார் உரித்தெடுத்த அதே இடம் தரையில் பட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்தினார், கிண்ணத்தை உயர்த்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நான் எழ முயன்றேன். கால் வரவில்லை. முட்டி பூட்டிக்கொண்டதுபோல் அப்படியே நின்றுவிட்டது. பிடித்து எழ ஒரு சுவர் இல்லை, ஸ்டூல் இல்லை. கையை ஊன்றினால் ஊனம் என்று தெரிந்துவிடும். தலையைக் குனிந்து, கையைக் கூப்பி, அப்படியே இருந்தேன். நின்றுகொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டு அவளும் பக்கத்தில் மறுபடி முட்டி போட்டாள்.

கோயில் முழுக்க நிற்கிறது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் முட்டி போட்டிருக்கிறோம். கன்னத்தில் நீர் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. நன்மை வாங்க, அதாவது சாமியார் கையால் அப்பம் வாங்க, எல்லோரும் வரிசையாகப் போனார்கள். நான் போகவில்லை. கடைசியில் சாமியாரே நற்கருணைப் பாத்திரத்தோடு இறங்கி வந்து எனக்கும் அம்மாவுக்கும் நன்மை கொடுத்துவிட்டுப் போனார்.

பூசை முடிந்து கோயில் காலியான பிறகுதான் அம்மா என் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினாள். வாசலில் லாரன்ஸின் அம்மா நின்றுகொண்டிருந்தார். அடக்கமான உயரம், அகலமான முகம். என் கன்னத்தைத் தடவி, "இன்னா பக்திம்மா இது. இந்தக் காலத்துல இப்டி ஒரு பொண்ணா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பஜ்ஜி சொஜ்ஜிக்கு வேலையே இல்லாமல் சம்பந்தம் முடிவாயிற்று.

கட்டில் கால்

கல்யாணமாகிச் சில நாட்களில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என் கணவரிடம் சொல்லிவிட்டேன். தழும்பை எத்தனை நாள் மறைக்க முடியும். அவர் க்ளிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் கோயில்ல நான் ஆம்பளைங்க பக்கம் தூணாண்ட நின்னுகினு இருந்தேன். உனுக்கு எழுந்திரிக்க முடியல. செபம் பண்றவ முகம் அப்டியா இருக்கும்?"

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

"அம்மாவுக்குப் புடிச்சிருச்சி. எனக்கும்தான்."

ஒரு நிமிடம் மனசு லேசானது. அடுத்த நிமிடம் அத்தையிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "வேணாம். தெரு பூரா சொல்லி வச்சிகீது. மருமவளுக்குச் சாமியாரே எறங்கி வந்து நன்மை குடுத்தாருன்னு. இப்பப் போயி கால் வலிலதான் எழுந்திரிக்காம இருந்தான்னு சொன்னா, அது மூஞ்சிய எங்க வச்சிக்கும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்த வீட்டில் இருந்த ஒரே மரியாதை அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பாதித்ததுதான். நான் கொண்டுபோன நகை சொற்பம். சமையல் சுமார். அத்தைக்கு என் தூத்துக்குடிப் பேச்சு புரியாது, எனக்கு அத்தையின் பேச்சு புரியாது. ஆனாலும் தண்ணீர் லாரி வரிசையில் நான் நின்றால், "நம்ம சகாயமேரி நிக்குது, வுடுங்கம்மா" என்று அத்தை எனக்கு வழி வாங்கிக் கொடுப்பார்.

அந்த மரியாதைக்கு நான் தினமும் வாடகை கட்டினேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் குடும்ப செபமாலை. முழுசாக, மன்றாட்டு மாலையோடு சேர்த்து. லாரன்ஸ் செகண்ட் ஷிப்ட் என்று தப்பித்துவிடுவார். நானும் அத்தையும்தான் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போடுவோம். நான் எப்போதும் கட்டில் ஓரமாக இடம் பிடிப்பேன். பாரத்தை இடது முட்டிக்குத் தள்ளி, வலது கையால் கட்டில் காலை ரகசியமாகப் பிடித்துக்கொள்வேன். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போன பிறகு அதைப் பிடித்துத்தான் எழுவேன். கட்டில் காலின் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் வழுவழுவென்று போயிருந்தது.

அத்தை சட்டென்று எழ மாட்டார். எல்லா மணியும் உருட்டி முடித்து, காத்தவராயன்பேட்டையில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார்வரை எல்லோருக்காகவும் வேண்டி, அதன்பிறகும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். என்ன பக்தி இந்த அம்மாளுக்கு என்று எரிச்சலாக வரும். எழுந்து தொலையக் கூடாதா என்று மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நினைப்பேன்.

வருடங்கள் அப்படியே போயின. முதலில் படி இறங்கும்போது வலி. பிறகு காலையில் எழுந்ததும் முட்டி இறுக்கம், கொஞ்சம் நடந்தால்தான் இளகும். பிறகு நடக்கும்போது உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். அப்பா தைத்துக் கொடுத்த பை நினைவுக்கு வரும். ஆபரேஷன் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பியவள் நான். நழுவுவது மட்டும் நின்றது. மற்றதெல்லாம் மெதுவாக, அலுங்காமல் வந்து சேர்ந்தது.

அத்தைக்கும் முட்டி போயிற்று. அவரை டாக்டரிடம் காட்டப் போனபோது, "நீயும் நொண்டிகினுதானே கீற, கூடவே காட்டிக்க" என்று என்னையும் இழுத்துப் போனார். அப்படித்தான் இரண்டு முட்டிகளும் பூந்தமல்லி ஜன்னலில் ஒட்டின.

ஜன்னலில் இரண்டு முட்டி

"எனக்குத்தான் டாக்டர்" என்றேன். "கல்யாணத்துக்கு முன்னால. ஜவ்வு அறுந்து போச்சு."

அத்தை ஜன்னலில் தெரிந்த ஸ்க்ரூவை ஒருமுறை பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் படத்தை இறக்கினார். "தேய்மானம். உங்க வயசுக்கு இது சீக்கிரம்தான். ஆனா அடிபட்ட முட்டிக்கு இது வழக்கம்தான்."

எத்தனையோ வருடமாக எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன். "முட்டி போட்டதாலயா?"

"அதனால வலி கூடியிருக்கும். ஆனா இது ஆரம்பிச்சது அடிபட்ட அன்னிக்கு. உள்ள மெத்தையும் கிழிஞ்சிருக்கும், அதை எடுத்திருப்பாங்க இல்ல? ஆபரேஷன் எலும்பு நழுவாமப் பிடிச்சிருக்கும். தேயறதை நிறுத்தாது." தொடைச் சதையைப் பலமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பழைய மணல் மூட்டைப் பயிற்சிதான். எடையைக் குறைக்கவும் உயரமான நாற்காலியில் உட்காரவும் சொன்னார். "தேஞ்சது திரும்ப வளராது. இனிமே தேயறதைத் தள்ளிப்போடலாம்."

பிறகு அத்தையிடம் திரும்பினார். "உங்களுக்கு வயசும் எடையும் இருக்கு. ஆனா இவ்வளவு மோசமா இருக்கே. தரையில முட்டி போட்டு ஏதாவது வேலை செய்வீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாப்பில் தாழ்வான ஒரு சிமென்ட் திண்டு இருந்தது. கால் வலியில் யோசிக்காமல் இருவரும் அதில் உட்கார்ந்துவிட்டோம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டால் அவரிடம் எனக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை.

ஆவடி பஸ் ஒன்று வந்து போயிற்று. இருவருமே எழவில்லை.

"அப்போ அன்னிக்குக் கோயில்ல?" என்றார் அத்தை.

"எழுந்திரிக்க முடியல அத்தை."

"கண்ணுல தண்ணி?"

"வலி."

அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி எங்க ஊட்ல யாரும் செபமாலைக்கு முட்டி போட்டதில்ல" என்றார் மெதுவாக. "நான் சம்மணம் போட்டு ஒக்காந்துகினுதான் சொல்வேன். மன்றாட்டு மாலைகூடப் பாதிதான். நீ வந்த. வந்த மொத நாளே நேரா முட்டி போட்டுட்ட. சின்னப் பொண்ணு அசையாம கீது, மாமியாக்காரி ஒக்காந்துகினு கீறதான்னு எனக்கு வெக்கமாப் பூட்ச்சி. நானும் போட்டேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ எப்பதான் எழுந்திருப்பேன்னு பாத்துகினே இருப்பேன். நீ எழுந்திரிக்கவே மாட்ட. சரின்னு இன்னும் நாலு பேருக்கு வேண்டிக்குவேன். ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் வேண்டியாச்சி."

"நீங்க எழுந்திரிக்கட்டும்னு நான் இருந்தேன் அத்தை. நீங்க போனாத்தான் நான் கட்டிலைப் பிடிக்க முடியும்."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எங்களுக்கு வரவில்லை. இத்தனை வருடத்து மாலைகளை நினைத்தால் அசதிதான் வந்தது. முட்டியிலிருந்து ஏறி உடம்பெல்லாம் பரவுகிற அசதி. அழுகைகூட வந்தது, அதற்கும் தெம்பில்லாமல் நின்றுவிட்டது. அத்தை என் வலது முட்டியின்மேல் கையை வைத்தார். ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

தூரத்தில் அடுத்த பஸ் தெரிந்தது. நான் பழக்கத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"இப்பவாச்சும் நீ மொதல்ல எழுந்திருடி" என்றார் அத்தை.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.